ஈரப் புல்லை நம்பிய வியாழக்கிழமை

போன மாதம் எனக்குப் பிரியாவிடைத் தேநீர் தந்தபோது, பந்தய விலை வைக்கிற இந்த மேசையில் இவ்வளவு காலம் இருந்து கற்ற நாலு விஷயம் எழுதித் தரும்படி கேட்டீர்கள். கேட்ட நான்கு பேரில் மூன்று பேர் ஆஹென் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு நேரே இங்கே வந்தவர்கள். ஒருத்தி பேர்லினிலேயே பிறந்தவள். "தமிழில எழுதுங்கோ அங்கிள், நான் மெதுவா வாசிப்பன்" என்றாள். அவளுக்காகத்தான் தமிழில் எழுதுகிறேன். மற்ற மூவரும் வேகமாக வாசித்துவிடுவீர்கள், ஆனால் நான் சொல்வதை நம்பமாட்டீர்கள். அது எனக்குப் பழக்கம்தான்.

வெற்றிக் கதை எதிர்பார்க்க வேண்டாம். என்னிடம் ஒரேயொரு வெற்றிக் கதை இருக்கிறது. இருப்பதிலேயே மோசமான கதை அதுதான்.

முதலில் நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் கணிதம் பாதி படித்து, மீதியை விட்டுவிட்டு ஓடி வந்தவன் நான். பேர்லினில் அகதிகள் விடுதியில், ஹைம் என்பார்கள், ஓர் அறை தந்தார்கள். அந்த அறையில் என்னோடு மூன்று வருடம் இருந்தவன் இராசன். பிறகு அவன் நகரத்தின் நொய்கெல்ன் பகுதியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போனான். நான் நகரத்துக்கு வெளியே ஒரு கோல்ஃப் கழகத்தில் புல்லு வெட்டப் போனேன். எட்டு வருடம் வெட்டினேன். கோல்ஃப் பந்தை ஒருநாளும் நான் அடித்ததில்லை. ஆனால் எந்தப் புல்லு மழைக்குப் பிறகு எத்தனை மணிநேரம் ஈரம் பிடித்து வைத்திருக்கும் என்று காலால் மிதித்தே சொல்லிவிடுவேன்.

அந்தக் கழகத்தில் ஒரு பெண் விளையாட வருவார். என்னைவிடப் பதினொரு வயது இளையவர். ஒருநாள் வெட்டுகிற இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, "நேற்று இந்தக் குழிக்குப் பக்கத்தில் பந்து விழுந்ததும் நின்றது. இன்று உருண்டு ஓடுகிறது. ஏன்?" என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து, பந்தய நிறுவனம் ஒன்றில் தான் தலைவியாக இருந்த பிரிவுக்கு என்னைக் கூப்பிட்டார். அவர் பெயரை நான் எழுதவில்லை, அவருக்கு அது பிடிக்காது. நீங்கள் சேர்வதற்கு முன்பே அவர் போய்விட்டார். இந்த மேசையில் நான் சரியாகச் செய்தது என்று ஏதாவது இருந்தால் அது அவர் சொல்லித் தந்தது. பிழையாகச் செய்தது எல்லாம் என் சொந்த முயற்சி.

உங்களுக்கு வேலை தெரியும், ஆனாலும் பேர்லின் பிள்ளையின் அம்மாவும் இதை வாசிக்கப் போவதாகக் கேள்வி. ஆகவே ஒரு வரி. ஒரு போட்டிக்கு நூற்றைம்பது பேரளவில் வருவார்கள். ஒவ்வொருவனும் வென்றால், அவன்மேல் கட்டிய ஒன்றுக்கு எத்தனை திருப்பித் தருவது என்று நாங்கள் விலை வைப்போம். அதற்கு இரண்டு பக்கத்தைப் பார்ப்போம். ஒன்று ஆள்: தூரம் அடிப்பானா, நேராக அடிப்பானா, குழிக்குப் பக்கத்தில் வந்தபிறகு கை நடுங்குமா, சராசரி ஆட்டக்காரனைவிட ஒரு சுற்றில் எத்தனை அடி குறைவாக அடித்து முடிக்கிறான். மற்றது மைதானம்: நீளமா, ஒடுக்கமா, காற்று எங்கிருந்து வரும், குழியைச் சுற்றியிருக்கும் குறும்புல், அதாவது கிரீன், மெத்தையா கல்லா. இரண்டையும் பொருத்திப் பார்க்கும்போது ஒரு சுகம் வரும். கலியாணப் பொருத்தம் பார்க்கிறவருக்கு வருகிற அதே சுகம். பொருத்தம் பார்த்தவர் வாழப்போவதில்லை, அதையும் நினைவில் வைத்திருங்கள்.

சேர்ந்த முதல் வருடம் பெரிய பிழை ஒன்று விட்டேன். தெற்கே, மரங்கள் நெருங்கிய ஒடுக்கமான மைதானம். பாதையை விட்டுப் பந்து விலகினால் முழங்கால் உயரப் புல்லுக்குள் போய்விடும் என்று பழைய வருடங்களின் கணக்கு முழுக்கச் சொன்னது. ஆகவே நேராக அடிக்கிறவர்களுக்கெல்லாம் விலையை இறுக்கினேன், காட்டுத்தனமாகத் தூரம் அடிக்கிறவர்களுக்கு விலையை அள்ளிக் கொடுத்தேன். வியாழன் போட்டி தொடங்கியது. வெள்ளி மாலைக்குள் முதல் பத்து இடத்தில் ஏழு காட்டுத்தனக்காரர்கள். வசந்தத்தில் பெய்யவேண்டிய மழை அந்த வருடம் பெய்யவில்லை. முழங்கால் புல்லு கணுக்காலுக்குக்கூட வளரவில்லை.

தலைவி திட்டவில்லை. சனிக்கிழமை காலை ரயில் பயணச்சீட்டைக் கையில் தந்து, "போய் நடந்து பார்த்துவிட்டு வா" என்றார். போனேன். பார்வையாளர்களோடு பதினெட்டுக் குழியும் நடந்தேன். எட்டு வருடம் புல்லு வெட்டியவன், புல்லைப் பார்க்காமல் புல்லுக்கு விலை வைத்திருக்கிறேன். நாற்காலி கிடைத்ததும் கால்களை மறந்துவிட்டேன். திங்கட்கிழமை வந்து வெட்கத்தோடு நின்றேன்.

"மைதானத்தின் பெயர் ஒவ்வொரு வருடமும் அதேதான். மைதானம் அதே இல்லை" என்றார் அவர். பிறகு இன்னொன்றும் சொன்னார். "இன்னும் மோசமான பிழை ஒன்று இருக்கிறது. அதை நீ இனித்தான் விடுவாய். உன் விலையை நீயே நம்புவாய்."

அது எனக்கு அப்போது விளங்கவில்லை. நம்பாமல் எப்படி விலை வைப்பது என்று மனதுக்குள் சிரித்தேன்.

சில வருடங்களில் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு செவ்வாயும் மைதானக் குறிப்பு எழுதுகிற வேலையும் எனக்கு வந்தது. அதில் எனக்கு மிகுந்த பெருமை. ஹைமில் கொச்சை டொய்ச், அதாவது ஜெர்மன், பேசிக் கூனிக் குறுகியவன் இப்போது டொய்ச்சில் எழுதுவதை ஆட்கள் வாசிக்கிறார்கள். எந்த மைதானம் எப்படிப்பட்டது, எவனுடைய கணக்கு அதற்குப் பொருந்தும் என்று அழகாக எழுதுவேன். வாசிக்கிறவனுக்குத் தான் கெட்டிக்காரன் என்ற எண்ணம் வரும். கெட்டிக்காரன் என்று நினைக்கிறவன் துணிந்து பந்தயம் கட்டுவான். அதற்குத்தான் அந்தப் பக்கம் இருந்தது. எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய்.

இனி என்னுடைய வெற்றிக் கதை.

செவ்வாய் மாலைகளில் நொய்கெல்ன் முருகன் கோயிலுக்குப் போவேன். இராசனும் மனைவி வசந்தியோடு வருவான். அவன் அப்போது அதே உணவகத்தில் தலைமைச் சமையல்காரன். வசந்தி அலுவலகங்கள் துப்புரவு செய்கிற வேலை. ஒரு செவ்வாய் பிரசாதம் வாங்கிக்கொண்டு நிற்கும்போது இராசன் கேட்டான்.

"மச்சான், நீ ஏதோ கோல்ஃபுக்குக் கணக்குப் பாக்கிறாயாம். இந்தக் கிழமை ஆர் வெல்லுவான்?"

வேலைக்குச் சேரும்போது நாம் எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்து வைக்கிறோம்: உள்ளே தெரிந்ததை வெளியே சொல்வதில்லை. "அதைச் சொல்ல ஏலாது" என்று ஒரு டொய்ச்சுக்காரன் சுலபமாகச் சொல்லிவிடுவான். கேட்டவனும் கோபிக்கமாட்டான். எங்களுக்குள் அது நடக்காது. ஒரே அறையில், ஒரே கம்பளிக்காக மூன்று குளிர்காலம் இழுபறிப்பட்டவன் கேட்கிறான். என் கலியாணத்துக்குச் சாதகக் குறிப்பைத் தன் கையால் எழுதி ஊருக்கு அனுப்பியவன் அவன். அவனிடம் சொல்ல ஏலாது என்றால், பெரிய ஆளாகிவிட்டேன் என்று முகத்திலடிப்பதுதான். அது மட்டுமல்ல, எனக்குச் சொல்லவும் ஆசையாக இருந்தது. வசந்தியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகவே சொன்னேன். புதன் இரவு மழை வரும், கிரீன் எல்லாம் மெத்தையாகிவிடும், உயரத் தூக்கி அடித்து அப்படியே நிறுத்துகிற ஒருத்தன் இருக்கிறான், அவனை ஒருவரும் கவனிக்கவில்லை என்று பெயரையும் சொன்னேன்.

அவன் வென்றான்.

அடுத்த செவ்வாய் இராசன் ஒரு பெட்டி லட்டுவோடு வந்தான். என்னைக் கட்டிப்பிடித்து, "உன்ர மூளைக்கு இந்த ஊரே காணாது மச்சான்" என்றான். அது சின்னப் பந்தயம்தான், வென்றதும் பெரிய தொகை இல்லை. ஆனால் அவன் முகத்தில் நான் பார்த்தது வேறு. வாழ்நாள் முழுக்க மற்றவன் அடுப்பில் நின்றவனுக்கு, உலகத்தில் ஒரு கதவு தனக்கும் திறக்கும் என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அந்தக் கதவைத் திறந்தவன் நான். சந்தோஷம் தாங்க முடியவில்லை.

அன்று நான் சொன்னவன் தோற்றிருக்கவேண்டும். பெரும்பாலான வாரங்களில் யாரைச் சொன்னாலும் தோற்பார்கள். உலகத்தின் முதல் ஆட்டக்காரனும் வெல்கிற வாரங்களைவிடத் தோற்கிற வாரங்கள்தான் அதிகம். எங்கள் தொழிலின் முதல் பாடம் அது, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அன்று வழக்கம்போலப் பிழையாகச் சொல்லியிருந்தால் இராசன் என்னைப் பகிடி பண்ணிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். நான் சரியாகச் சொல்லித் தொலைத்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு போட்டிக்கும் கேட்டான். இரண்டு மூன்று முறை மழுப்பினேன். பிறகு துணிந்து, "வேலைக்குப் பிரச்சினை வரும், கேளாதை" என்றேன். கோபிக்கவில்லை. மகளிடம் சொல்லித் தொலைபேசியில் என் மைதானக் குறிப்பை எடுத்து, அதைத் தமிழில் மாற்றி வாசிக்கப் பழகிக்கொண்டான். நான் வாயை மூடிக்கொண்டேன், எழுத்தை மூடவில்லை.

இன்னொரு பழக்கமும் தொடங்கினான். போட்டிகள் வியாழக்கிழமை தொடங்கும். வியாழன் காலை உணவகம் திறக்குமுன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்விப்பான். தன் பேருக்கு அல்ல. என் பேருக்கும் நட்சத்திரத்துக்கும். சாதகக் குறிப்பு எழுதியவனல்லவா, என் நட்சத்திரம் அவனுக்கு மனப்பாடம். "உன்ர கணக்குப் பிழைக்காமல் இருக்கவேணும், அதுக்குத்தான்" என்றான். நான் சிரித்தேன். அன்றைக்கே அந்தத் தட்டைப் பிடுங்கி எறிந்திருக்கவேண்டும்.

இப்படி இரண்டு வருடம் போனது. அவன் எவ்வளவு கட்டுகிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்ற பயம்.

அந்தச் சமயம் உணவகத்தின் முதலாளி வயதுபோய், கடையை விட்டுவிட முடிவெடுத்தார். இராசனுக்கே தருவதாகச் சொன்னார். இராசனும் வசந்தியும் இருபது வருடம் சேர்த்ததுதான் முற்பணம். ஒரு செவ்வாய் கோயிலில் வசந்தி என்னிடம் ஓடிவந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அண்ணை, திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கையெழுத்து. நீங்களும் கட்டாயம் வரவேணும். எல்லாம் டொய்ச்சில கிடக்கு, ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றாள். தொகையையும் காதோடு சொன்னாள். "இனி இவர் மற்றவையின்ர அடுப்பில நிக்கத் தேவையில்லை."

இராசன் பக்கத்தில் நின்றான், சிரிக்கவில்லை. அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற இயந்திரத்தைப் புதிதாகப் போட்டால்தான் அனுமதி என்று நகரசபையிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். அதற்கு எங்கே போவது என்று முணுமுணுத்தான். "வங்கியில கடன் கேக்க ஒரு டெர்மின் எடு, நேரம் குறிச்சுத் தந்தால் நானும் வாறன்" என்றேன். தலையாட்டினான்.

அதே செவ்வாய் காலையில் எனக்கும் தலைவிக்கும் அலுவலகத்தில் பெரிய வாக்குவாதம் நடந்திருந்தது. வடக்கே கடலோர மைதானத்தில் போட்டி. பழைய வருடங்களின் கணக்குப்படி அங்கே கிரீன் எப்போதும் ஈரமும் மெத்தையும். புதன் மழை என்று வானிலை சொன்னது. உயரத் தூக்கி நிறுத்துகிற ஓர் ஆட்டக்காரன் வந்திருந்தான். அவனுக்கு நாங்கள் வைத்த விலை மிகத் தாராளம் என்று நான் சண்டை பிடித்தேன்.

"குளிர்காலத்தில் அங்கே கிரீனைக் கிண்டி அடியில் மணல் போட்டிருக்கிறார்கள், இனி ஈரம் நிற்காது. நீயே எனக்கு அந்தச் செய்தியைக் காட்டினாய்" என்றார் தலைவி.

"புது மணல் இறுக ஒரு வருடம் போகும்" என்றேன்.

"அது உன் கணக்கா, உன் ஆசையா?"

விலையை அவர் மாற்றவில்லை. நான் கோபத்தில் போய் மைதானக் குறிப்பை எழுதினேன். என் வாழ்க்கையிலேயே நன்றாக எழுதிய குறிப்பு அதுதான். அந்த ஆட்டக்காரனுக்காகவே செய்த மைதானம் என்று எழுதினேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணி தாண்டியிருந்தது. தலைவி ஒரு கூட்டத்தில் இருந்தார். மேசையில் நான் மட்டும். பெரிய தொகைப் பந்தயம் எங்கள் பந்தயக் கடைகளில் வந்தால், கடைக்காரர் தானாக ஏற்க முடியாது, எங்களிடம் அனுப்புவார் என்பது உங்களுக்குத் தெரியும். திரையில் கேள்விப் பெட்டி ஒன்று விழும். ஏற்கிறேன், பாதி ஏற்கிறேன், மறுக்கிறேன். ஒரு நிமிடத்துக்குள் ஒன்றை அழுத்தவேண்டும். பக்கத்தில் தொலைபேசியும் இருக்கிறது, விரும்பினால் கடையைக் கூப்பிட்டு ஆள் யார், எப்படி இருக்கிறார் என்று கேட்கலாம்.

பெட்டி விழுந்தது. நொய்கெல்ன் கடை. இராசனுடைய உணவகத்திலிருந்து இரண்டு கதவு தள்ளி. அந்தக் கடையில் உதைபந்துக்கும் குதிரைக்கும் கட்டுவார்கள், கோல்ஃபுக்குக் கட்டுகிற ஆள் ஒருவன்தான் இருந்திருக்க முடியும். ஆட்டக்காரன், நான் எழுதியவன். தொகை, வசந்தி செவ்வாய்க்கிழமை காதில் சொன்ன தொகை, சதம் குறையாமல்.

தெரிந்தவருடைய பந்தயம் என்றால் நாற்காலியை விட்டு எழும்பி இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். அது விதி. மறுத்தால் அவன் அன்று மத்தியானம் அடுப்படிக்குப் போவான், திங்கட்கிழமை கையெழுத்து வைப்பான். தொலைபேசியை எடுத்து, "மச்சான், வீட்ட போ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவனை எனக்குத் தெரியும் என்று பதிவாகும். இரண்டு வருடத்துக்கு முன் கோயிலில் நான் வாய் திறந்ததும் வெளியே வரும். ஓய்வூதியத்துக்கு எனக்குக் கொஞ்சக் காலம்தான் இருந்தது. இந்தப் பயம் இருந்தது, மறைக்கவில்லை.

ஆனால் பயத்தால் நான் அழுத்தவில்லை. அதைத்தான் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். மறுப்பதற்கும் பயம் தடையாக இருக்கவில்லை, மறுத்தால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். நான் திரையைப் பார்த்து நினைத்தது இதுதான்: இந்த ஆட்டக்காரன் வெல்லப் போகிறான். இந்த விலை தாராளம் என்று எனக்குத் தெரியும். புகை இயந்திரமும் வரும், கடையும் வரும். வென்றபிறகு திங்கட்கிழமை இராசனை இழுத்து உட்கார்த்தி, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று சத்தியம் வாங்கலாம்.

முதல் பாடம் தெரிந்தவன். யாரைச் சொன்னாலும் பெரும்பாலும் தோற்பான் என்று இருபது வருடம் அதை விற்றுச் சாப்பிட்டவன். என் விலையை நானே நம்பினேன்.

ஏற்கிறேன் என்பதை அழுத்தினேன்.

மூன்று நாள் அந்த ஆட்டக்காரன் முன்னுக்கு நின்றான். வியாழன், வெள்ளி, சனி. சனிக்கிழமை மாலை தலைவி என் மேசையைத் தாண்டிப் போகும்போது, "உன் ஆள் நன்றாக ஆடுகிறான்" என்றார். நான் சிரித்தேன். சனி இரவிலிருந்து கிழக்குக் காற்று. ஞாயிறு மத்தியானம் வீட்டில் தொலைக்காட்சியில் முதல் கிரீனைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நிறம் மாறியிருந்தது. மணல் அடியில் போட்ட கிரீன் ஒரே நாள் காற்றில் எப்படிக் காயும் என்று எட்டு வருடம் மிதித்தவனுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆட்டக்காரன் அதே அழகோடு உயரத் தூக்கி அடித்தான். பந்து விழுந்தது, நிற்கவில்லை, தரையில் தட்டி எழும்பி மறுபக்கம் ஓடியது. பிறகும் அப்படி. அதன் பிறகும் அப்படி. மாலையில் அவன் ஏழாம் இடம். மனைவி வந்து, "என்ன, ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் போனேன். போகாமல் இருக்கவும் துணிவில்லை. வசந்தி பட்டுச்சேலை கட்டி, காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றாள். கிழவர் முதலாளி மேசையில் தாள்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ அண்ணை, இவர் வங்கிக்குப் போட்டு வாறன் எண்டவர், இப்ப வந்திடுவார்" என்று என் கையில் பன்னீர் தெளித்தாள்.

நான் அந்தத் தாள்களை எடுத்து வாசித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வேறென்ன செய்வது? அவள் ஒவ்வொரு வரிக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினாள். பதினொன்றரை ஆகியது. பன்னிரண்டு ஆகியது. மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இராசன் பின்கதவால் வந்து, சமையல் உடுப்பைப் போட்டுக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமல் அடுப்பை மூட்டினான். வசந்தி உள்ளே போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒரு தட்டுக்கூட உடையவில்லை. அவள் வெளியே வந்து, பிள்ளையாரை எடுத்துத் தண்ணீரில் கரைத்துவிட்டு, கிழவருக்குக் கை கொடுத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பட்டுச்சேலையோடே பஸ்ஸுக்கு நடந்தாள்.

கடை வேறொருவருக்குப் போனது. இராசன் அங்கேயே சமையல்காரனாக நிற்கிறான், புது முதலாளிக்கு அவனுடைய பாதி வயது.

பிறகு ஒருநாள் வசந்தி ஓர் அன்ட்ராக், அதாவது விண்ணப்பத் தாளோடு வீட்டுக்கு வந்தாள். குடும்பத்தவர் எழுதிக்கொடுத்தால் ஒருவரைப் பந்தயத்திலிருந்து தடை செய்யலாம் என்று மகள் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். நான் நிரப்பினேன். அவர் அளவுக்கு மீறிப் பந்தயம் கட்டுவது எப்போதிருந்து உங்களுக்குத் தெரியும் என்று ஒரு கேள்வி அதில் இருந்தது.

"எனக்கு அந்தத் திங்கட்கிழமைதான் அண்ணை தெரியும்" என்றாள். பிறகு, குறை சொல்கிற குரலில் அல்ல, சும்மா, "உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"எனக்கும் அண்டைக்குத்தான்" என்றேன்.

"நீங்கள் இல்லாட்டி இந்தத் தாளை ஆர் அண்ணை எனக்கு எழுதித் தருவினம்" என்று கண்ணைத் துடைத்தாள்.

தலைவி வேலையை விட்டுப் போகும் முன் அவரிடம் மட்டும் சொல்ல நினைத்தேன். அவருடைய அறை வாசல்வரை போய், விடைகொடுக்க வந்தவன் மாதிரிப் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்தவன் யார் என்று வசந்திக்குத் தெரியாது. இராசனுக்கும் தெரியாது. உங்கள் நான்கு பேருக்கும்தான் முதலில் சொல்கிறேன். ஏன் என்றால், உங்கள் திரையிலும் ஒருநாள் அந்தப் பெட்டி விழும். உங்கள் கணக்கு என்னுடையதைவிட நூறு மடங்கு நல்லது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. தொலைபேசியை எடுங்கள் என்று எழுதுகிறேன், எடுப்பீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நான் எடுக்கவில்லை.

இராசன் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. போட்டி முடிந்த அடுத்த செவ்வாயே என் தோளில் கை போட்டு, "நீ மனதை விடாதை மச்சான். மூண்டு நாளும் முன்னுக்கு நிண்டவனெல்லே? உன்ர கணக்குப் பிழைக்கேல்லை. காத்துத்தான் கெடுத்தது" என்றான். நான் அழியவைத்தவன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

போன வியாழக்கிழமை காலை, இனி வேலையும் இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்துக் கோயிலுக்குப் போனேன். வியாழன் காலை அவன் அங்கே நிற்பான் என்று தெரியும். நின்றான். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை. ஐயர் கேட்கவே இல்லை, அவருக்கும் மனப்பாடமாகிவிட்டது. அனுஷ நட்சத்திரம், விருச்சிக ராசி என்று தொடங்கி என் பேரைச் சொல்லி அர்ச்சனை செய்தார். நான் அவனுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

தடை வந்தபிறகு எதற்கு இன்னும் இந்த அர்ச்சனை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க முன்பே விளங்கிவிட்டது. வேறு யாருடைய அடையாள அட்டையைக் காட்டியாவது கட்டுகிறான்.

திரும்பி என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசினான். வசந்தி வந்திருக்கிறாளா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"மச்சான், நீ இப்ப பென்ஷன்தானே. இனிச் சொன்னால் ஒரு பிரச்சினையும் இல்லையெல்லே? இந்தக் கிழமை அங்கை மழை வருமோ?"

எங்கே போட்டி என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. காலையில் எழும்பியதும் முகம் கழுவ முன்பே நான் அந்த ஊரின் வானிலையைப் பார்த்திருந்தேன். ஆட்களின் கணக்கையும் பார்த்திருந்தேன். யாருக்காகப் பார்த்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"மழை இல்லை. காத்துத்தான்" என்றேன். பிறகு ஒரு பெயரும் சொன்னேன்.